புதுச் சாந்து

அக்கா தெருமுனையில் திரும்பும்வரை சின்னவள் சன்னலை விட்டு நகரவில்லை. திரும்பியதும் கதவைத் தாழிட்டாள். மேஜை விளக்கைப் போட்டாள். அக்கா காலையெல்லாம் உட்கார்ந்து கிண்ணத்தில் போட்ட பூக்களைச் சுரண்டத் தொடங்கினாள்.

திருட்டு வேலையும் பழகிவிடுகிறது. முதல் தடவை மூன்று முறை எழுந்துபோய்த் தாழைச் சரிபார்த்தாள். இப்போது குச்சி தன் பாட்டுக்கு ஓடியது. வாய் ஏதோ ஒரு மெட்டைக்கூட முணுமுணுத்தது. அதைக் கவனித்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

வெள்ளைப் பீங்கான் கிண்ணம். இரண்டு கையும் சேர்த்து ஏந்தும் அளவு. அதன் வெளிப்புறம் முழுக்கப் புடைத்த பூக்கள் வர வேண்டும். மூக்கு வைத்த குப்பியில் சாந்தை அடைத்து, மெல்ல அழுத்தி, ஒரு சொட்டு வைத்து, அதை நடுவை நோக்கி இழுத்தால் ஓர் இதழ். ஐந்து இழுத்தால் ஒரு பூ. உலர்ந்ததும் வண்ணம். பிறகு அடுப்பில் வைத்துச் சூடேற்றினால் கல்லாக இறுகிவிடும். அதற்கப்புறம் உளி வேண்டும். அதுவரை ஈரத்துணியும் மரக்குச்சியும் போதும். எதையும் இல்லாமல் செய்துவிடலாம்.

அக்காவின் இன்றைய இதழ்களில் ஒன்று பட்டாணி போல் இருந்தது. ஒன்று புழு போல் நெளிந்தது. ஒரு காம்பு பாதியில் வழி தவறி, கிண்ணத்தின் விளிம்பு வரை போய் நின்றது.

அக்காவுக்குப் பக்கவாதம் வந்து நாலு மாதம் ஆகிறது. லேசானது என்றார்கள். பேச்சு திரும்பியது. நடை திரும்பியது. கோபம் எல்லாவற்றுக்கும் முன்னால் திரும்பியது. வலது கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் முதல் கிண்ணத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, அக்கா குப்பியைக் கீழே வைத்தாள்.

"குப்பையில போடு," என்றாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சின்னவள் போடவில்லை. சுரண்டிவிட்டு, அக்காவின் கை போலவே திருப்பிப் போட்டு வைத்தாள். மறுநாள் அக்கா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எப்படிடி?"

"புதுச் சாந்துக்கா." வாய்க்கு வந்தது அதுதான். "உலரும்போது கோணலெல்லாம் தானா அடங்கிக்கும்."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த அத்தான் நிமிரவில்லை.

"வெளிநாட்டுச் சரக்கு," என்றார்.

பாதி ஆயுளைச் சாந்தோடு கழித்தவள் இதை நம்புவாளா? நம்பினாள். நம்பியே ஆக வேண்டும் என்றிருப்பவர்களுக்கு அது ஒரு பெரிய வேலை இல்லை.

பொய் அதற்கப்புறம் வீட்டுக்குள் உட்காரவில்லை. அக்கா புதுச் சாந்தின் பெருமையை, கிண்ணங்களை வாங்கி விற்கும் கடைக்காரம்மாவிடம் சொன்னாள். கடைக்காரம்மா கிண்ணம் கொண்டுவரும் மற்ற பெண்களிடம் சொன்னாள். எனக்கொரு குப்பி, எனக்கொரு குப்பி என்று ஆள் மாற்றி ஆள் கேட்டார்கள். போன வாரம் அது உச்சிக்குப் போனது. சனிக்கிழமை கடையில் வைத்து, எல்லோருக்கும் முன்னால் அக்கா ஒரு கிண்ணம் போட்டுக் காட்ட வேண்டும் என்றாள் கடைக்காரம்மா. அக்கா யோசிக்கவே இல்லை. சரி என்றுவிட்டாள்.

இன்று செவ்வாய்.

சின்னவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஆனாலும் வீட்டில் சின்னவள் அவள்தான். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். அக்கா வீட்டின் பின்னறைதான் அவளுக்கு வீடு. கிண்ணத்தைத் துடைப்பது, உலர்த்துவது, அடுப்பைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவள் வேலை. பூ அக்காவினுடையது. அப்படி யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை. பிரிந்துவிட்டது.

பாதிக் கிண்ணம் சுத்தமானது. பிசுக்கு இருந்தால் சாந்து ஒட்டாது. ஸ்பிரிட் பாட்டிலைத் துணியில் கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழுந்தது. அவ்வளவுதான்.

அக்கா கைப்பயிற்சிக்குப் போயிருக்கும் நேரம்தான் சின்னவளின் நேரம். செவ்வாயும் வெள்ளியும். பயிற்சி முடிந்து அக்கா வருவதற்குள் பூ உலர வேண்டும். ஸ்பிரிட் விற்கும் மருந்துக்கடையோ அந்தப் பயிற்சி மையத்துக்குக் கீழேயே இருந்தது. அக்கா கண்ணில் பட்டால் தலைவலி மாத்திரை என்று சொல்லிக்கொள்ளலாம். இப்போதெல்லாம் ஒரு பொய்யைக் கையிலேயே எடுத்துக்கொண்டுதான் வீட்டைவிட்டுக் கிளம்பினாள்.

கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள்.

*

மருந்துக்கடை வாசலில் அக்காவுக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் பிஸ்கெட் தின்றுகொண்டிருந்தாள். சின்னவளைப் பார்த்ததும் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா எப்படி இருக்காங்க?"

சின்னவளுக்குப் புரியவில்லை. "மேலதானே இருக்காங்க?"

"எங்க மேலயா? அவங்க வந்தே ஒரு மாசம் ஆச்சே."

"இல்லையே. இப்பதான் கிளம்பினாங்க. செவ்வாய், வெள்ளி தவறாம வர்றாங்க."

"இங்க வரலைங்க." பெண் பிஸ்கெட் பாக்கெட்டை மடித்தாள். "நானே போன் பண்ணிக் கேட்டேன். கை சரியாயிடுச்சு, பழையபடி வேலை பாக்கறேன்னாங்க. எனக்கு நம்பிக்கை வரல. உடனே போட்டோ அனுப்பினாங்க. மஞ்சப்பூ கிண்ணம். அடேயப்பா! அந்தக் கையாலயா போட்டாங்க?"

சின்னவள் தலையை ஆட்டினாள். ஆமென்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லையென்றும் எடுத்துக்கொள்ளலாம்.

"ஒரு கை இவ்ளோ சீக்கிரம் திரும்பி நான் பாத்ததே இல்ல. எங்க டாக்டர்கிட்டகூட காட்டினேன்."

"சரியாகலைன்னா?" என்றாள் சின்னவள்.

"என்னது?"

"ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். சரியாகாமலே ஒருத்தர் பயிற்சிய விட்டுட்டா?"

பெண் சிரிப்பதை நிறுத்தினாள். "அப்படி விடக் கூடாதுங்க. கை புதுசா கத்துக்கற நேரமே இதான். இப்ப பிடிச்சு இழுத்தா வரும். விட்டுட்டா அதோட தங்கிடும்."

"தங்கிடும்னா?"

"இப்ப எப்படி இருக்கோ அப்படியே. கடைசி வரைக்கும்."

அப்போது அது வந்தது. யாரும் கூப்பிடாமல், கதவைத் தட்டாமல் வந்தது.

அப்படியென்றால் பூ என்னுடையது.

ஒரு மூச்சு விடும் நேரம்கூட இருக்காது. வந்தது, போய்விட்டது. ஆனால் வந்தது. சின்னவள் மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். பயிற்சிக்காரப் பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"என்னங்க ஆச்சு? வெயிலா?"

"ஆமா, வெயில்," என்றாள் சின்னவள். வானம் மூடிக்கிடந்தது.

*

அத்தான் ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி மாட்டிவிடுகிறவர். கடை அடுத்த தெருவில். வீட்டில் எதையும் பார்க்க மாட்டார். பார்த்தாலும் பார்த்ததாகச் சொல்ல மாட்டார். அதனாலேயே வீடு இத்தனை நாள் சண்டையில்லாமல் ஓடியது என்பார்.

சின்னவள் நுழைந்தபோது யாருடைய கண்ணாடிக்கோ காது முடுக்கிக்கொண்டிருந்தார்.

"அத்தான், அக்கா பயிற்சிக்குப் போறதில்ல. ஒரு மாசமா."

திருகாணி அவர் விரலிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. இரண்டு பேரும் அதைத் தேடவில்லை.

"கை சரியாயிடுச்சுன்னு அவங்ககிட்ட சொல்லியிருக்கா. இப்படியே விட்டா கை இப்படியே தங்கிடுமாம்."

"யார் சொன்னா?"

"அந்தப் பொண்ணு. அத்தான், நம்மாலதான். கை ஆடினா சாந்து பாத்துக்கும்னு நினைச்சுட்டா. இன்னிக்கே சொல்லிடப் போறேன்."

அத்தான் கண்ணாடியைத் துடைக்கும் துணியை எடுத்து, கண்ணாடி எதையும் துடைக்காமல், மேஜையைத் துடைத்தார்.

"அவசரப்படாதே. சனிக்கிழமை முடியட்டும்."

"சனிக்கிழமை எல்லாருக்கும் முன்னாடி அவ போடணும். நான் எந்த மேஜைக்கு அடியில ஒளிஞ்சுக்கறது?"

"காய்ச்சல்னு சொல்லிடலாம்."

"யாருக்கு?"

"எனக்குன்னு சொல்லேன். எனக்குக் காய்ச்சல் வந்தா அவ எங்கயும் போக மாட்டா."

"இன்னொரு பொய்யா அத்தான்?"

அவர் துணியை மடித்தார். அதை மறுபடி மடிக்க இடமில்லாதபோதுதான் பேசினார்.

"அந்த முதல் வாரம் உனக்கு ஞாபகம் இருக்கா? சுவரையே பாத்துக்கிட்டுப் படுத்திருந்தா. நான் ஒருத்தன் வீட்டுல இருக்கறதே அவளுக்குத் தெரியல. நீ சாந்துன்னு சொன்ன அன்னிக்கு சாயங்காலம், செருப்பை எங்க விட்டீங்கன்னு கேட்டு என்னைத் திட்டினா பாரு. திட்டு வாங்கி ஒருத்தன் சந்தோஷப்படுவானா? நான் பட்டேன். தெருவுல இறங்கி ஒரு சுத்து நடந்துட்டு வந்தேன்." மூக்கை உறிஞ்சினார். "பயந்துட்டேன். அவ்வளவுதான்."

சின்னவளுக்கு அவர்மேல் கோபப்பட வேண்டும் போலிருந்தது. அப்படியாவது கொஞ்சம் பாரம் இடம் மாறும். மாறவில்லை. மருந்துக்கடைப் படியில் வந்ததை அவரிடம் சொல்லவில்லை. அதில் அவருக்குப் பங்கில்லை.

"நானும் கூட வரவா?"

"வேண்டாம். அந்தப் பொய் என் வாயில வந்தது."

"வெளிநாட்டுச் சரக்குன்னது நான்."

"அதையும் சேத்தே சொல்லிடறேன்."

அத்தான் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "அவ எங்கதான் போறா செவ்வாயும் வெள்ளியும்?"

சின்னவளுக்கு அது கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

*

கடைக்காரம்மாவின் கடைச் சன்னலில் மஞ்சள்பூ கிண்ணம் நடுநாயகமாக இருந்தது. அதற்கென்று தனி விளக்கு. கீழே ஒரு அட்டை. கையால் போட்டது என்று எழுதியிருந்தது. யார் கை என்று எழுதவில்லை. அந்த மட்டில் கடைக்காரம்மா பொய் சொல்லவில்லை.

கதவு திறந்தே கிடந்தது. அக்கா உள்ளே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். வலது கை மடியில், கைப்பைக்கு அடியில். இடது கையால் அதே ஜோடியில் இன்னொரு மஞ்சள்பூ கிண்ணத்தை, வாங்க வந்த ஒரு பெண்மணியிடம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"சும்மா பாக்காதீங்க. தடவிப் பாருங்க. கண்ணை மூடிட்டுத் தடவுங்க. ஒவ்வொரு இதழும் விரலுக்குத் தெரியுதா?"

"ஆமா, தெரியுது. இவ்ளோ நுணுக்கமா போட்டா கை வலிக்காதா?"

"பழகின கைதானே. உடம்பு சரியில்லாம இருந்தேன். எழுந்து வந்த பிறகு கை முன்னைவிட நல்லா ஓடுது. நீங்க நம்ப மாட்டீங்க." அக்கா முன்னால் குனிந்தாள். "இந்தக் காம்பு வளைஞ்சு வருது பாருங்க, பூவைத் தொடற மாதிரி வந்து தொடாம போகுது. இப்படி நான் இதுக்கு முன்னாடி போட்டதே இல்ல."

சின்னவள் கதவுக்கு வெளியிலேயே நின்றாள்.

எல்லாவற்றிலும் அக்காவின் கையைத்தான் அவள் நகல் எடுத்திருந்தாள். அக்காவின் தடிமன், அக்காவின் இடைவெளி. அந்த ஒரு வளைவில் மட்டும் தன் கையைத் தன் போக்கில் விட்டிருந்தாள். யாருக்கும் தெரியாது என்று.

அந்த ஒன்றைத்தான் அக்கா ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாள்.

சின்னவளுக்கு முகம் சூடானது. வெட்கம் பாதி. மீதி என்ன என்று பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

"ஏய் குட்டி!" அக்கா பார்த்துவிட்டாள். "நீ எங்கடி இங்க?"

தலைவலி மாத்திரை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள்.

"உன்னைக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

கடைக்காரம்மா உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். "வாம்மா. சனிக்கிழமைக்கு நாற்காலிக்குச் சொல்லிட்டேன். ஜனம் வரும்போல இருக்கு. அந்தச் சாந்து மட்டும் எனக்குப் பெட்டியோட வேணும், ஆமா. வாங்கித் தராம ஏமாத்திடக் கூடாது."

"ஏமாத்தறதா? எங்க வீட்டுல அந்தப் பழக்கமே கிடையாது," என்றாள் அக்கா.

*

வரும் வழியில் பெட்டிக்கடையைத் தாண்டினார்கள். தாண்டியதும் அக்காதான் தொடங்கினாள்.

"கண்டுபிடிச்சிட்டே."

"அந்தப் பொண்ணைப் பாத்தேன்."

"ஊதிட்டாளா? நல்ல பொண்ணுதான், வாய்தான் நிக்காது." அக்கா நடையைக் கொஞ்சம் நிதானமாக்கினாள். இடது கால் முந்தியும் வலது கால் யோசித்தும் வந்தது. "என்னத்துக்குடி அங்க போகணும்? பந்தை அமுக்கு, பந்தை அமுக்குன்னு உயிரை வாங்கறா. நான் என்ன பந்து விளையாடவா போறேன்? கை கொஞ்சம் ஆடினா சாந்து பாத்துக்குது."

சின்னவள் வாயைத் திறந்தாள். எதிரே ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு வந்தது. ஒதுங்கி நின்றார்கள். சைக்கிள் போனது. திறந்த வாய் மூடிக்கொண்டது.

"உங்க அத்தான்கிட்ட சொல்லிடாதே," என்றாள் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உன்கிட்ட மறைச்சதுதான் எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. எனக்காக நீ இவ்ளோ அலையறே. நான் என்னடான்னா பயிற்சிக்குப் போறேன்னு சொல்லிட்டு, கடையில போய் உக்காந்து என் கிண்ணத்தை நானே பாத்துக்கிட்டு இருக்கேன். கிறுக்கச்சி மாதிரி. கோவமா?"

"இல்லக்கா."

"மூஞ்சி அப்படித்தான் இருக்கு. சரி, தப்புதான். மன்னிச்சுக்கோ. போதுமா?"

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

வீட்டு வாசலில் சாவியைப் போட்டுவிட்டு, திருப்பாமல் நின்றாள் சின்னவள்.

"அக்கா, உள்ள போறதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"முதல்ல கதவைத் திற. எனக்கு பாத்ரூம் போகணும். நின்னுக்கிட்டு பிரசங்கம் பண்ணாதே."

கதவு திறந்தது. அக்கா நேரே உள்ளே போனாள். தண்ணீர் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போதுதான் மேஜை விளக்கு எரிவதைப் பார்த்தாள்.

"விளக்கை அணைக்காம..."

நின்றுவிட்டாள்.

கிண்ணம் பாதி மொட்டையாக இருந்தது. செய்தித்தாளின் மேல் சுரண்டிய சாந்து சிறு குவியலாகக் கிடந்தது. சுரண்டாத பாதியில் பட்டாணியும் புழுவும் விளிம்பு வரை ஓடிய அந்தக் காம்பும் மிச்சம்.

அக்கா குனிந்து பார்த்தாள்.

"உதிர்ந்துடுச்சா?" என்றாள் அக்கா.

சின்னவள் கதவோரத்திலேயே நின்றாள்.

"இந்தக் குப்பி சரியில்ல. காலையிலயே நினைச்சேன், கொஞ்சம் தண்ணியா இருக்கேன்னு. சுரண்டி எடுத்தியா? நல்ல வேளை. நீ ஏன்டி இதுக்குப் போய் இப்படி நிக்கறே? வேற குப்பி உடைச்சா போச்சு. இன்னும் நாள் இருக்கே."

தப்பித்துக்கொள்ள அக்காவே ஒரு கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தாள். நுழைந்தால் போதும். ஆமாக்கா என்று ஒரு சொல். அதுகூட வேண்டாம், தலையை ஆட்டினால் போதும்.

"உதிரலக்கா. நான்தான் சுரண்டினேன்."

"ஏன்?"

"திருப்பிப் போடறதுக்கு."

அக்கா புருவத்தைச் சுருக்கினாள். கணக்கு விடை வராதவள் போல.

"சாந்து அடங்காதுக்கா. எந்தச் சாந்தும் அடங்காது. உனக்குத் தெரியாததா? இது நீ எப்பவும் போடற பழைய சாந்துதான். குப்பி மட்டும்தான் புதுசு."

அக்கா நாற்காலியை இடது கையால் இழுத்து உட்கார்ந்தாள். குவியலிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து விரலிடுக்கில் தேய்த்தாள். முகர்ந்தாள். அந்தக் கைக்கு அது ஒரு நொடி வேலை. இத்தனை நாள் அதைச் செய்யாமல் இருந்ததுதான் பெரிய வேலை.

"எல்லாமே நீயா?"

"எல்லாம்."

"சன்னல்ல இருக்கறது?"

"ம்."

"அந்தக் காம்பு?"

சின்னவள் தரையைப் பார்த்தாள்.

"வெளியில எவ்ளோ நேரம் நின்னே?"

"நீ காம்பைப் பத்திச் சொன்ன வரைக்கும்."

அக்காவின் கழுத்து சிவந்தது. கைப்பையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஏதோ அதுதான் குற்றவாளி என்பது போல் தள்ளி வைத்தாள்.

"உங்க அத்தானுக்குத் தெரியுமா?"

"முதல்லேர்ந்தே."

"வெளிநாட்டுச் சரக்கு!" என்றாள் அக்கா. "அந்த மனுஷன் ஜன்மத்துல பல்பொடிகூட வெளிநாட்டுது வாங்கினதில்ல. எனக்கு எங்க போச்சு புத்தி?"

சிரிக்க வேண்டிய இடம். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. உள்ளே ஃப்ரிட்ஜ் ஒரு தடவை உறுமி அடங்கியது.

அக்கா மெதுவாகக் கேட்டாள். கேட்டதில் ஒரு பரிவு இருந்தது. தடுக்கி விழுந்தவளுக்குக் கை நீட்டுவது போல.

"எனக்காகத்தானே செஞ்சே?"

"முதல் தடவை."

"அப்புறம்?"

"அப்புறம் பிடிச்சுப்போச்சு."

இதோடு நிறுத்தியிருக்கலாம். சின்னவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் பாதி சுரண்டிய கிண்ணம்தான்.

"அந்தப் பொண்ணு சொன்னா. பயிற்சிய விட்டா கை இப்படியே தங்கிடுமாம். அதைக் கேட்டதும் எனக்கு..."

"எனக்கு?"

"ஒரு நிமிஷம், தங்கட்டும்னு தோணிச்சுக்கா."

தெருவில் யாரோ ஒரு வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள். கிளம்பவில்லை. தள்ளிக்கொண்டு போனார்கள்.

அக்கா அழவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் அத்தானைப் போலத் தானும் தெருவில் ஒரு சுற்று நடந்திருப்பாள் சின்னவள். அக்கா ஈரத்துணியை எடுத்தாள். கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தாள். மிச்சமிருந்த தன் பூக்களைத் தானே துடைக்கத் தொடங்கினாள். இடது கை துடைத்தது. வலது கை விளிம்பைப் பிடிக்கப் பார்த்தது. கிண்ணம் வழுக்கிச் சுழன்றது.

சின்னவள் கையை நீட்டினாள்.

"தொடாதே."

கை பின்வாங்கியது.

வெகுநேரம் ஆனது. பட்டாணி போனது, புழு போனது, விளிம்பேறிய காம்பும் போனது. கிண்ணம் வெள்ளையானது. அக்கா அதைச் சின்னவள் முன்னால் நகர்த்தினாள். குப்பியைப் பக்கத்தில் வைத்தாள்.

"போடு."

"அக்கா..."

"நான் பாக்கணும். நீ போட்டு நான் பாத்ததே இல்ல."

"ஸ்பிரிட் தீந்துபோச்சு. ஒட்டாது."

"நாம என்ன விக்கவா போறோம்? போடு."

சின்னவள் உட்கார்ந்தாள். குப்பியை எடுத்தாள். அக்காவின் பார்வை அவள் முழங்கையில், மணிக்கட்டில், விரல்நுனியில் இறங்கியது. கை நடுங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவள் எதற்கும் இப்படி வேண்டிக்கொண்டதில்லை.

நடுங்கவில்லை.

சொட்டு வைத்தாள். இழுத்தாள். ஓர் இதழ். அடுத்ததை வேண்டுமென்றே கோணலாக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது? குப்பியின் மூக்கு ஒரு மயிரிழை சாய்ந்தது. அதுவும் ஒரு புதுச் சாந்துதான் என்று தோன்றியது. நிமிர்த்தி, நேராக இழுத்தாள்.

மூன்று. நாலு. ஐந்து.

ஈரம் மின்ன ஒரு பூ நின்றது. ஒரு குறையும் இல்லை. அதைப் பார்க்கச் சின்னவளுக்குக் கண் கூசியது.

அக்கா முகத்தை அருகில் கொண்டுபோனாள். அவள் மூச்சு பட்டுப் பீங்கானில் பனி படிந்து மறைந்தது.

"குப்பியை ரொம்பப் படுக்க வைக்கறே," என்றாள். "அதான் நுனி இவ்ளோ கூரா வருது. நான் ஒரு நாளும் அப்படிப் பிடிச்சதில்ல."

பாராட்டா, குற்றமா என்று குரலில் தெரியவில்லை.

போன் அடித்தது. கைப்பைக்குள் கிடந்து அடித்தது. சின்னவள் எழப் போனாள். அக்கா கண்ணாலேயே உட்கார வைத்தாள். வலது கையைப் பைக்குள் விட்டாள். பிடித்தாள், நழுவியது. மறுபடி பிடித்தாள். காதில் வைப்பதற்குள் இரண்டு முறை கன்னத்தில் இடித்துக்கொண்டாள்.

கடைக்காரம்மாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "அந்தச் சாந்து எத்தனை குப்பி கிடைக்கும்னு கேட்டுச் சொல்றீங்களா? பசங்க விலைச்சீட்டு எழுதணும்கிறாங்க."

அக்கா சின்னவளின் பூவைப் பார்த்தபடியே பேசினாள்.

"அந்தச் சாந்து தீந்துபோச்சும்மா. இனிமே வராது."

"ஐயையோ! அப்ப சனிக்கிழமை?"

"சனிக்கிழமை கிண்ணம் போடற ஆளு வரும்."

"நீங்கதானே வருவீங்க?"

அக்கா போனை மேஜையில் கவிழ்த்தாள். உள்ளே குரல் ஹலோ ஹலோ என்றது. பிறகு நின்றது.

யார் அந்த ஆள் என்று சின்னவள் கேட்கவில்லை. கேட்கும் இடத்தில் தான் இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அக்கா கையை நீட்டினாள். வலது கையை. சின்னவள் குப்பியை அதில் வைத்தாள். விரல்கள் ஒவ்வொன்றாக, ஒன்றைப் பார்த்து ஒன்றாக, அதன்மேல் மூடின. அந்தப் பூவுக்குப் பக்கத்திலேயே, இடைவெளி விடாமல், அக்கா குப்பியின் மூக்கை வைத்து அழுத்தினாள்.